மறதிக்கு ஒரு பேரேடு



முதுமையில் வரும் மறதியைக் குறித்து நம்முடைய வீடுகளில் இரண்டு விதமாகவே பேசப்படுகிறது. "வயதானால் எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுக் கடந்துபோவது ஒரு விதம். பழகிய ஒருவரின் பெயர் நாவுக்கு வரச் சற்றுத் தாமதித்தாலும், தீராத வியாதி வந்துவிட்டதென்று எண்ணி இரவெல்லாம் உறக்கமின்றிக் கலங்குவது மற்றொரு விதம். சிரிப்பும் உண்மையைக் காட்டுவதில்லை, கலக்கமும் காட்டுவதில்லை. இவற்றுக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. மறந்ததை அன்றன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதே அது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக நான் அந்த வழியில் நடந்து கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எனக்கு இப்பொழுது வயது 72. 1975ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தேன். சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்த்து 2013இல் ஓய்வு பெற்றேன். நானும் என் மனைவியும் சயான் பகுதியில் வசிக்கிறோம். மகன் குடும்பத்தோடு புனேயில் இருக்கிறான். உங்களில் பலருடைய வாழ்க்கையும் ஏறத்தாழ இவ்வாறே இருக்கும் என்பதை அறிவேன்.

நோட்டுப் புத்தகம் எழுதும் எண்ணத்தை எனக்குள் உண்டாக்கியது என் மூத்த அண்ணனின் வியாதி. ஊரிலிருந்த அவர் 2018ஆம் ஆண்டில் மரித்தார். கடைசி நான்கு ஆண்டுகள் பெற்ற பிள்ளைகளையே அறியாதவராயிருந்தார். அவரை முதன்முறையாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது நானும் உடன் இருந்தேன். "இது எப்பொழுது ஆரம்பித்தது?" என்று மருத்துவர் கேட்டார். மதினி ஒரு வருடம் என்றார்கள். மூத்த மகன் மூன்று வருடம் என்றான். தான் கலியாணமாகி வந்த நாள் முதல் மாமா இப்படித்தான் என்றாள் மருமகள். அவர்கள் எல்லாரும் அண்ணனை நேசித்தவர்கள், அறிந்ததையே சொன்னார்கள். ஆனால் அந்த மூன்று பதில்களை வைத்துக்கொண்டு மருத்துவரால் ஒன்றையும் நிதானிக்கக் கூடவில்லை. நினைவைக் குறித்த கேள்விக்கு நினைவிலிருந்தே பதில் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்பதை அன்று கண்டேன்.

இந்த வியாதி உலகுக்கு அறிமுகமானதே ஒரு மருத்துவர் எழுதிவைத்த குறிப்புகளால்தான் என்பதைப் பின்பு வாசித்து அறிந்தேன். 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண்மணியிடம் அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் பல கேள்விகளைக் கேட்டு, அவர் சொன்ன பதில்களை உள்ளது உள்ளபடியே எழுதிவைத்தார். 1906இல் அப்பெண்மணி இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டில் அறிஞர் கூட்டமொன்றில் அறிவித்தார். 1910இல் அவ்வியாதிக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. காணாமற்போயிருந்த அந்தக் கோப்பு 1995இல் மறுபடியும் கண்டெடுக்கப்பட்டது.

நம்முடைய தேசத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சிறிய தொகையன்று. ஆகிலும் 100 முதியவர்களில் 90க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இல்லை என்பதையும் அதே கணக்கு சொல்லுகிறது. நாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதைப் பயத்தினால் தீர்மானிக்க முடியாது. பதிவுகளாலும் பரிசோதனையாலுமே தீர்மானிக்க முடியும்.

எதை எழுத வேண்டும்?

2023 ஜனவரியில் 200 பக்க நீள நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஐந்து பத்திகளாகக் கோடு போட்டேன். முதலாவது, தேதியும் நேரமும். இரண்டாவது, மறந்தது என்ன. மூன்றாவது, அது எப்படித் திரும்ப நினைவுக்கு வந்தது. நான்காவது, முந்தின இரவின் உறக்கம். ஐந்தாவது, அன்று உட்கொண்ட மருந்துகளும் உடல்நிலையும்.

இவற்றில் மூன்றாவது பத்தியே மிக முக்கியமானது. அதில் நான் மூன்று அடையாளங்களை மாத்திரம் இடுவேன். சற்றுப் பொறுத்துத் தானாக நினைவு வந்தால் "தா". யாராவது ஒரு குறிப்புச் சொன்னதும், அல்லது பொருளைக் கண்டதும் நினைவு வந்தால் "கு". எடுத்துச் சொல்லியும் அப்படியொன்று நடந்ததாகவே தோன்றவில்லையானால் "இல்".

இந்தப் பகுப்பு ஏன் வேண்டும் என்று கேட்பீர்கள். நம் கிராமத்து வீடுகளில் இருந்த அரங்கை நினைத்துப் பாருங்கள். இருட்டில் அங்கே ஒரு பாத்திரத்தைத் தேடி எடுக்க முடியாமற்போவது ஒன்று. அந்தப் பாத்திரம் அங்கே வைக்கப்படவேயில்லை என்பது வேறொன்று. முதலாவதற்கு ஒரு விளக்கைக் கொண்டுபோனால் போதும்; இரண்டாவதற்கு எத்தனை விளக்குகள் ஏற்றினாலும் பயனில்லை. வயதின் நிமித்தமோ, மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியவற்றின் நிமித்தமோ வரும் மறதியில், குறிப்பொன்று சொன்னதும் பெரும்பாலும் நினைவு திரும்புகிறது. அல்சைமர் நோயின் தொடக்கத்திலோ புதிய செய்திகள் மூளையில் சரியாகப் பதிவதே இல்லை. ஆதலால் குறிப்புச் சொன்னாலும் வருவதில்லை. இதனைக் கொண்டு நாமே நோயைத் தீர்மானித்துவிடக் கூடாது. ஆனாலும் மருத்துவர் வழிகாண இது பெரிதும் உதவுகிறது.

என் புத்தகத்தின் முதல் ஆண்டுப் பதிவுகளில் மிகுதியானவை "தா"வும் "கு"வுமே. பழைய மேலாளரின் பெயர் காலையில் வரவில்லை, பிற்பகலில் குளிக்கும்போது வந்தது. தேங்காய் வாங்கப் போய்க் கொத்தமல்லி மாத்திரம் வாங்கி வந்தேன், பையைத் திறந்ததும் நினைவு வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடினேன், அது சட்டைப் பையிலேயே இருந்தது. இவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தபோதே பாதிப் பயம் நீங்கிற்று.

மறதியே அல்லாதவையும் சில நேரங்களில் மறதியின் கணக்கில் சேர்ந்துவிடும். 2023 டிசம்பரில் ஒரு நாள் தாதர் மேம்பாலத்தின்மேல் எந்த நடைமேடைக்கு இறங்குவதென்று விளங்காமல் நின்றேன். ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஏறி இறங்கிய படிகள் அவை. அன்று மாலை நடுக்கத்தோடு அதை எழுதினேன். அடுத்த நாள் விசாரித்தபோது, அந்த மாதம் 9ஆம் தேதி முதல் மத்திய ரயில்வே நடைமேடைகளுக்கு 8 முதல் 14 வரை புதிய எண்கள் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. இளைஞரும் அந்நாட்களில் அங்கே தடுமாறித்தான் நின்றார்கள். "இது மறதி அன்று, மாறினது நிலையம்" என்று அந்தப் பதிவின் அருகே எழுதிக் கோடிட்டேன். எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பயம் விசாரணையின்றி மனதிலேயே தங்கியிருக்கும்.

எதிர்ப்பக்கம்

வாசகர்களே, இனி நான் சொல்லப்போவதே இக்கட்டுரையின் சாரம்.

கணக்கு வேலையில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பற்று ஒரு பக்கமும் வரவு ஒரு பக்கமுமாக எழுதி, இரண்டும் ஒத்துப்போனால்தான் அது கணக்கு. ஒரு பக்கம் மாத்திரம் எழுதப்பட்ட பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்றுக்கொள்ளமாட்டார். என் மறதிப் புத்தகமோ ஒரு பக்கத்தோடு நின்றது. மறந்தேன் என்பதை அறிந்த மறதிகளை மாத்திரமே நான் எழுத முடியும். மறந்ததையே மறந்துபோனால் அதை எழுதுவது யார்?

ஆகவே 2024 ஜனவரி முதல் இடப்பக்கத்தை எனக்கென்று வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தை என் மனைவியிடம் ஒப்புவித்தேன். அவள் தயங்கினாள். "உங்க குறைகளை எழுதுறதுக்கா என் கையில பேனாவைத் தாறீங்க?" என்றாள். "குறை எழுத வேண்டாம், கணக்கு எழுது" என்றேன். இருவரும் கலந்து பேசி மூன்று நிபந்தனைகளை வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, நடந்ததை மாத்திரம் எழுத வேண்டும். "எப்பொழுதும்", "மறுபடியும்", "வழக்கம்போல" என்னும் சொற்கள் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. இரண்டாவது, அடுப்பு, மருந்து, பணம் ஆகிய மூன்றிலும் ஆபத்து இருந்தாலன்றி அன்றே என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலையில் இருவரும் சேர்ந்து வாசிப்போம். மூன்றாவது, வாசிக்கும்போது நான் வாதாடக் கூடாது. மூன்றிலும் கடினமானது இந்த மூன்றாவதே.

பிப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அவளுடைய பக்கத்தில் அந்த மாதத்துக்கு ஒன்பது பதிவுகள் இருந்தன. அவற்றில் நான்கு என்னுடைய பக்கத்திலும் இருந்தன. மற்ற ஐந்தும் இல்லை. ஒரு பதிவு இவ்வாறு இருந்தது: "13ஆம் தேதி மாலை. பேரன் புனேயிலிருந்து வரும் ரயில் எத்தனை மணிக்கு என்று 5 மணிக்குக் கேட்டார்கள். 5.20க்குக் கேட்டார்கள். 6 மணிக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதன்முறை கேட்பதுபோலவே கேட்டார்கள்."

அந்த வரிகளை நான் நான்கு முறை வாசித்தேன். வேறொரு மனிதனைக் குறித்து எழுதப்பட்டிருப்பதுபோலவே இருந்தது. பேரன் வந்தது நினைவிருக்கிறது. அவனை அழைத்துவர தாதருக்குப் போனது நினைவிருக்கிறது. அந்த மாலையில் மூன்று முறை கேட்டது மாத்திரம் இல்லவே இல்லை. வாதாட என் நாவு எழும்பிற்று. ஆனால் 45 ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் என்னோடு வாழ்ந்தவளின் கையெழுத்து அது. அதை நம்பினேன். அந்தப் பதிவின் அருகே என் கையினாலேயே "இல்" என்று எழுதினேன். என் வாழ்நாளில் எழுத மிகவும் கடினமாயிருந்த எழுத்துகள் அவை இரண்டுமே.

மருத்துவர்களும் இவ்விரண்டாம் பக்கத்தையே தேடுகிறார்கள் என்பதைப் பின்பு அறிந்தேன். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. கூடுமானவரை நோயாளியை நன்கு அறிந்த வீட்டாரிடமே அக்கேள்விகள் கேட்கப்படுகின்றன. "இவருடைய நினைவு நன்றாக இருக்கிறதா?" என்று அது கேட்பதில்லை. "கடந்த சில ஆண்டுகளில் மாற்றம் உண்டா?" என்றே கேட்கிறது. அன்றியும், மூளை பாதிக்கப்பட்ட சிலருக்குத் தங்கள் குறையே தெரிவதில்லை. அது பிடிவாதமும் அன்று, பொய்யும் அன்று. வியாதியின் ஒரு பகுதி. "நான் எதையும் மறக்கவில்லை" என்று சாதிக்கிற பெற்றோரோடு சண்டையிடுகிற பிள்ளைகள் இதை அறிந்துகொள்வது நலம்.

மருத்துவர் கண்டது

2024 ஏப்ரலில் அந்தப் புத்தகத்தோடு நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் முதலில் மூன்றாவது பத்தியை விரலால் தடவிக்கொண்டே போனார். பின்பு இரு பக்கங்களையும் ஒப்பிட்டார். அதன்பின் மருந்துப் பத்தியைப் பார்த்துவிட்டு இரண்டு காரியங்களைக் கேட்டார்.

"சளிக்கு மாத்திரை போட்ட நாட்களிலும் அதற்கு மறுநாளும் பதிவுகள் அதிகமாக இருக்கின்றனவே, கவனித்தீர்களா?" என்பது முதற்கேள்வி. குளோர்பெனிரமின் போன்ற பழைய வகைச் சளி மாத்திரைகளும், சில தூக்க மாத்திரைகளும், சிறுநீர்ப்பை உபாதைக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் முதியவர்களின் நினைவை மங்கச் செய்யக்கூடியவை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற பழக்கம் நம்மிடையே அதிகம் உண்டு. அதே சமயம், மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து எதையும் நாமாக நிறுத்தவும் கூடாது.

"மெட்பார்மின் எத்தனை ஆண்டுகளாகச் சாப்பிடுகிறீர்கள்?" என்பது இரண்டாவது கேள்வி. 2007 முதல் என்றேன். சர்க்கரை வியாதிக்கான அந்த நல்ல மருந்தை நெடுங்காலம் உட்கொள்பவர்களில் சிலருக்கு பி 12 என்னும் உயிர்ச்சத்து குறைந்துபோகிறது. அந்தக் குறைவு நினைவையும் நரம்புகளையும் பாதிக்கிறது. அவர் பி 12, தைராய்டு, சோடியம், சர்க்கரை ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும், மூளைக்கு ஸ்கேனும், காதுக்குக் கேட்கும் திறன் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். எனக்கு பி 12 குறைவாகவே இருந்தது. வலது காதும் மந்தமாயிருந்தது. காதில் சரியாக விழாத வார்த்தை நினைவில் எப்படித் தங்கும்?

2024ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கேள்வித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மிகுந்த மது, மனச்சோர்வு, உடல் உழைப்பின்மை, தனிமை, தலைக்காயம் முதலியன அதில் அடங்கும். இவற்றையெல்லாம் சரிசெய்தால் உலகில் மறதிநோய்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று அக்குழு மதிப்பிட்டது. "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கைகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே போதும்.

பி 12 ஊசிகள் போடப்பட்டன. காதுக்குக் கருவி வந்தது. சளி மாத்திரை மாற்றப்பட்டது. மார்ச் மாதத்தில் 19 பதிவுகள் இருந்த என்னுடைய பக்கத்தில் அக்டோபரில் எட்டே இருந்தன. மனைவியின் பக்கத்திலும் பதிவுகள் குறைந்தன. ஆனால் "இல்" என்னும் பதிவுகள் மாத்திரம் குறையவில்லை. மாதத்துக்கு நான்கு, ஐந்து என்று நின்றுவிட்டன. மருத்துவர் அதற்கு "லேசான அறிவாற்றல் குறைவு" என்று பெயர் சொன்னார். இது மறதிநோய் அன்று. என் அன்றாட வேலைகளை நானே செய்துகொள்கிறேன். இந்த நிலையில் இருப்பவர்களில் சிலருக்கு அது மறதிநோயாக முற்றும், சிலருக்குப் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும், சிலருக்குச் சரியாகியும் போகும் என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்வருகிறேன். எனக்குக் கிடைத்தது முழு விடுதலையும் அன்று, முழுத் தீர்ப்பும் அன்று. ஆனால் எங்கே நிற்கிறேன் என்பதை அறிந்து நிற்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. மெல்ல மெல்ல வரும் மறதிக்கே இந்தப் புத்தகம். நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரென்று இடமும் ஆளும் தெரியாமல் உளறினாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ, கீழே விழுந்தபின் தடுமாறினாலோ புத்தகத்தை எடுக்க வேண்டாம், வண்டியை அழையுங்கள். நோய்த்தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை அளவு இறங்குதல், பக்கவாதம், தலைக்குள் இரத்தக் கசிவு ஆகியவை இப்படி வரக்கூடும். அங்கே ஒரு மணி நேரமும் விலையேறப்பெற்றது.

எந்த மொழியில் கேட்கிறார்கள்?

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு மாத்திரமே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இந்நகரத்து மருத்துவமனைகளில் நினைவுப் பரிசோதனை பெரும்பாலும் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறுகிறது. சில சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வார்கள். 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். 22 வயதில் இங்கு வந்த எனக்கே கழித்தல் இன்றும் தமிழில்தான் வருகிறது. 70 வயதில் கணவரை இழந்தபின் பிள்ளைகளோடு வந்து சேர்ந்த ஒரு தாயாருக்கு என்ன வரும்? அவர்கள் விழிப்பதைப் பார்த்து நினைவு போய்விட்டதென்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே தமிழில் பரிசோதிக்கும்படி தயங்காமல் கேளுங்கள். அல்லது தமிழ் அறிந்த ஒருவர் உடனிருக்க அனுமதி கேளுங்கள். 2005இல் வெளியாகி இன்று பல நாடுகளில் வழங்கும் "மோகா" என்னும் பரிசோதனைக்குத் தமிழ் வடிவமும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் பள்ளிக்கூடத்துக் கேள்விகளால் அளக்கக் கூடாது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் முதியவர்களை ஆராய்ந்தவர்கள் இதை உணர்ந்து, கல்வியறிவு இல்லாதோருக்கும் பொருந்தும்படியான இந்திப் பரிசோதனையை 1990களிலேயே உருவாக்கினார்கள்.

இங்கேயும் நோட்டுப் புத்தகம் உதவுகிறது. அது வீட்டு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. நகரத்துக்கு வந்த புதிதில் கிழமை தெரியாமலும் மாடி எண் தெரியாமலும் இருப்பது வேறு. ஆறு மாதம் கழித்தும் அது கூடிக்கொண்டே போவது வேறு. தேதியோடு எழுதியிருந்தால் மாத்திரமே இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும். எழுதத் தெரியாத தாயாருக்குச் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டி போதும். தெளிவான நாளுக்கு ஒரு வட்டம், தடுமாறிய நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, ஊசி போட்ட நாளுக்கு ஒரு புள்ளி என்று பேரப்பிள்ளைகள் இடலாம்.

சபையில் நாம் வழக்கமாகக் கேட்கும் ஒரு வார்த்தை உண்டு. "சிறுவயதில் படித்த பாட்டையெல்லாம் ஒரு சொல் தவறாமல் பாடுகிறார்களே, இவர்களுக்கா மறதி?" என்பார்கள். பழைய நினைவுகளும், ராகத்தோடு கலந்த நினைவுகளும் வெகுகாலம் நிலைத்திருக்கும். காலையில் சாப்பிட்டது என்ன என்பதே முதலில் மறைந்துபோகும். ஆதலால் பாடல் தெரிவது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நோய் வந்தபின் பாடுவது வீண் என்பதும் இல்லை. அந்த நிலையில் ஒருவரைச் சமாதானப்படுத்தப் பாடலைப் போல் உதவுவது மிகச் சிலவே.

காவல்கள்

இந்தப் புத்தகத்துக்குச் சில காவல்கள் வேண்டும். வங்கியின் ரகசிய எண்களை அதில் எழுதலாகாது. நினைவு தளர்ந்தவர்களைத் தொலைபேசியில் மிரட்டி ஓ.டி.பி. கேட்டுப் பணம் பறிக்கிறவர்கள் பெருகியிருக்கும் காலம் இது. எழுதியவரின் சம்மதமின்றி அதிலுள்ளதை யாரிடமும் சொல்லலாகாது. நல்லெண்ணத்தோடு ஜெபக்குறிப்பாகக் கொடுப்பதானாலும் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். சண்டையின் நடுவே அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டவே கூடாது. ஒரு முறை அப்படிச் செய்தால் அதன்பின் அது உண்மையைச் சொல்லாது. எழுத எழுதக் கலக்கம் கூடுகிறவர்கள் அன்றாடம் எழுதுவதைவிட்டு வாரம் ஒரு முறை எழுதலாம். அழுகையும் சோர்வும் நீங்காமலிருந்தால் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

கையெழுத்து நம்முடையதாயிருக்கும்போதே

இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை நான் வேறொரு காரியத்துக்கென்று பிரித்துவைத்தேன். வங்கிக் கணக்குகளை, இருவரில் எவரும் இயக்கும்படியாகவும் ஒருவர் மரித்தால் மற்றவரைச் சேரும்படியாகவும் மாற்றினேன். வைப்புத்தொகைகளுக்கு வாரிசு நியமனம் செய்தேன். எந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதினேன். பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதினேன். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதன் விளக்கத்தில் நினைவின் பெருங்குலைவையும் சேர்த்திருக்கிறது. பிற்காலத்தில் நமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், நம் சார்பில் தீர்மானிப்பவர் யார் என்பதை முன்னதாகவே எழுதிவைக்கும் உரிமையையும் அது தருகிறது. வழக்கறிஞரிடம் கேட்டு அதையும் முறைப்படி எழுத ஏற்பாடு செய்துவருகிறேன்.

கடைசிப் பக்கத்தில் என் மகனுக்குச் சில வரிகள் எழுதினேன். அவனுடைய அனுமதியோடு அவற்றை இங்கே தருகிறேன்.

"மகனே, ஒரு நாள் நான் அடுப்பைத் தொடக் கூடாதென்றும், தனியே ரயில் ஏறக் கூடாதென்றும் நீ சொல்ல வேண்டிவரலாம். அப்பொழுது நான் கோபப்படுவேன். இந்தப் பக்கத்தை எனக்குக் காட்டு. தெளிவான மனதோடு இதற்கு நான் சம்மதித்திருக்கிறேன். நான் இதையும் நம்பாமற்போனால், நீ அப்படியே செய், உன்மேல் குற்றமில்லை. என் அண்ணன் எங்கே என்று நான் கேட்டால், அவர் இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி என்னைப் புதிதாக அழவைக்க வேண்டாம். அவரைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டிரு. அம்மா களைத்துப்போகாதபடி பார்த்துக்கொள். இப்பொழுது எழுதுகிறவன்தான் உன் அப்பா. அப்பொழுது கோபப்படுகிறவனும் அவனே."

அவன் அதை வாசித்தபின் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் முதல் கடைசிச் சனிக்கிழமைதோறும் புனேயிலிருந்து வந்து எங்களோடு உட்காருகிறான்.

பிரியமானவர்களே, 60ஐக் கடந்தவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இடப்பக்கத்தில் நீங்கள் எழுதுங்கள். வலப்பக்கத்தை, உங்களை நேசிக்கிற, உங்களுக்குப் பயப்படாத ஒருவரிடம் கொடுங்கள். துணையை இழந்தவர்கள் பிள்ளையிடமோ, சகோதரியிடமோ, நாள்தோறும் பார்க்கிற அயல்வீட்டாரிடமோ கொடுக்கலாம். ஊரில் பெற்றோரை விட்டுவந்திருக்கும் இளையவர்கள், வாரந்தோறும் தொலைபேசியில் பேசியபின் அம்மா எதை எத்தனை முறை கேட்டார்கள் என்று தேதியிட்டு ஒரு வரி எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்து மருத்துவர் "எப்பொழுது ஆரம்பித்தது?" என்று கேட்கும்போது அந்த வரிகள் பதில் சொல்லும்.

தன் நினைவு தளர்கிறதென்பதை ஒப்புக்கொள்வது எளிதன்று. பிறர் எழுதியதை வாசித்து, வாதாடாமல் கையொப்பமிடுவது அதனினும் கடினம். ஆனால் இருவர் சேர்ந்து எழுதும் கணக்கில் ஒருவர் தனிமையாய் மறந்துபோவதில்லை. அவருக்காக நினைவில் வைத்திருக்க மற்றவர் இருக்கிறார்.